பச்சைப் பாட்டிலுக்கு என் ஓட்டு

ஜெர்மனியில் அக்டோபர் பெயரைச் சொல்லி நடக்கும் பீர் திருவிழா செப்டம்பரிலேயே தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்துவிடுகிறது. யாங்கோனில் எங்கள் கட்டடத்தில் அது ஐப்பசி முதல் தேதி மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும். கலந்துகொள்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் ஐந்தாம் மாடி சயா.

சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். தின்கன்ஜூன் பகுதியில் முப்பது வருஷம் கணக்கு டியூஷன் எடுத்தவர் என்பதால் கட்டடம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். தமிழ்க் கிறிஸ்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மனைவி காலமாகி வெகுநாள் ஆகிறது. ஒரே மகள் அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

நான் இரண்டாம் மாடி. அலோனில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் குமாஸ்தா. என் பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் பர்மிய மொழியில் பதில் வரும். மனைவி தமிழில்தான் பேசுவாள், ஆனால் பேசுவது பெரும்பாலும் என் குறைகளைப் பற்றி. வேறு விஷயங்களுக்காகத் தமிழில் சண்டை போட யாங்கோன் முழுக்க எனக்கு இருந்த ஒரே ஆள் சயாதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொன்ன பொய்களுக்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

என் அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஜெர்மனிக்குப் போய்வரும் கப்பல். ஒரு வருஷம், விடுப்பில் ஊர் திரும்பிய கூட்டாளி ஒருவரிடம் அந்தத் திருவிழாவுக்கென்றே காய்ச்சும் லாகர் பீர் நான்கு பாட்டில் கொடுத்தனுப்பினார். பச்சைப் பாட்டில். அதே வாரம் சயாவின் மகள், தன் சபையைச் சேர்ந்த ஒருவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே நான்கு டின் பீர் சுருட்டி வைத்து அனுப்பியிருந்தாள். அதுவும் அதே திருவிழாப் பீர்தான். அமெரிக்கர்கள் பெயரை மட்டும் கடன் வாங்கித் தங்கள் ஊரில் காய்ச்சுவது. எது மேல் என்று பார்த்துவிடலாம் என்று முதலில் சொன்னது யார் என்று நினைவில்லை. நானாகத்தான் இருக்கும்.

அன்றைக்குத் திறக்க முடியவில்லை. புரட்டாசி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

என் மனைவி புரட்டாசியை நடத்தும் விதம் தனி. மீன் கிடையாது, கறி கிடையாது, முட்டை கிடையாது. நாப்பி என்கிற மீன் விழுது ஜாடியை வாடை அடிக்கிறது என்று ஒரு மாதத்துக்கு எதிர் வீட்டில் கொடுத்துவைப்பாள். அந்த மாதத்தில் பீர் பாட்டில் எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது.

"மூடி தெறக்கலையே" என்றேன்.

"பெருமாளுக்கு மூடி ஒரு மறைப்பா?" என்றாள்.

ஆகவே பாட்டில்கள் ஐந்தாம் மாடிக்குப் போயின. லிஃப்ட் இல்லாத எங்கள் ஊர்க் கட்டடங்களில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்க்காரர் பேப்பரை மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். சயா கிளிப்புக்குப் பதிலாக ஒரு கூடை கட்டியிருந்தார். என் நான்கு பாட்டிலும் அந்தக் கூடையில் ஏறின. எங்கள் பால்கனிக்கு நேராக வந்தபோது மனைவி நின்று பார்த்தாள்.

"வெளியிலதான போகுது. போகட்டும்" என்றாள்.

கிறிஸ்தவருக்குப் புரட்டாசி இல்லை. எதிர் வீட்டு பர்மியக்காரர் வாசோ பௌர்ணமியிலிருந்து தடின்ஜுட் விளக்குத் திருவிழா வரை மூன்று மாதம் மதுவைத் தொடமாட்டார். அவருக்குப் புத்தர் காரணம். எனக்கு மனைவி காரணம். சயாவுக்கு ஒரு காரணமும் கிடையாது, அன்றே குடித்திருக்கலாம்.

"தம்பி, தனியாக் குடிச்சா அது மருந்து. நீங்க மாசத்த முடிச்சிட்டு வாங்க" என்றார்.

ஒரு மாதம் எட்டையும் அவர்தான் காத்தார். கரண்டு வருவதும் போவதுமாக இருந்ததால் ஃப்ரிட்ஜை அவர் நம்பவில்லை. காற்றோட்டமான இடம் என்று சமையலறையின் மேற்கு ஜன்னல் திட்டில் வரிசையாக நிறுத்தி வைத்தார். காற்று வந்தது. மழை விட்ட நேரமெல்லாம் சாயங்கால வெயிலும் வந்தது. அவர் கணக்கு வாத்தியார், நான் குமாஸ்தா. அதில் தப்பு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி முதல் தேதி ஐஸ் வாங்கி வாளியில் கொட்டிக் குளிர வைத்தோம். நான் பேஜோ என்கிற பருப்பு வறுவல் வாங்கிக்கொண்டு படியேறினேன். சாதாரண நாளில் பீருக்குள்ளேயே ஐஸ் போட்டுக் குடிக்கிற ஊர் இது. சயா கூடாது என்றுவிட்டார். பரீட்சை என்றால் பரீட்சை மாதிரி நடக்க வேண்டும் என்று டியூஷன் நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். பீர், ஓட்டு, காரணம் என்று மூன்று கட்டம்.

முதலில் அமெரிக்கா. செம்பு நிறம். ரொட்டி வாட்டும்போது ஓரம் சிவந்து வரும் வாசனை, அதற்கடியில் கொஞ்சம் பனைவெல்லம். நுரை அவசரப்படாமல் நின்றது. குடித்து முடித்த பிறகும் வாயில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது.

அடுத்தது ஜெர்மனி. வெளிறிய மஞ்சள். கண்ணாடித் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். மழையில் நனைந்த நாய் ஒன்று வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்ட மாதிரி வாடை. தம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முகர்ந்தேன். நாய் எழுந்துபோவதாக இல்லை.

நான் பேனாவை எடுக்கப் போன நேரத்தில் சயா பேசினார்.

"மக கூப்புட்டுக்கிட்டே இருக்கா, தம்பி. காகிதமெல்லாம் அவளே பாத்துக்கிறாளாம். போறதா இருக்கறதான்னு எனக்கே தெரியல. ஒண்ணு செய்வோம். நாம ரெண்டு பேரும் ஒத்து அமெரிக்கான்னு எழுதற வருஷம் நா கெளம்பிடுறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தன் ஓட்டுக் கட்டத்தில் "அமெரிக்கா" என்று எழுதிவிட்டுப் பேனாவை என் பக்கம் நீட்டினார். அப்போது சிரிப்பு போயிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் தன் வாழ்க்கையை என் நாக்கில் வைத்துவிட்டு பேஜோவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நான் "ஜெர்மனி" என்று எழுதினேன். காரணக் கட்டம் காலியாக இருந்தது. "புதுமழை பெய்த புல்லின் வாசனை" என்று எழுதினேன்.

அவர் படித்தார். "சரி. சமம்" என்று நோட்டை மூடினார். மீதி ஆறையும் பேசிக்கொண்டே முடித்தோம். பச்சைப் பாட்டில்களை நான் மெதுவாகக் குடித்தேன், ரசிப்பதுபோல.

அடுத்த வருஷமும் அண்ணன் அனுப்பினார், மகளும் அனுப்பினாள். நாங்கள் இருவரும் போனில் அவ்வளவு நன்றி சொல்லியிருந்தோம். மறுபடி புரட்டாசி, மறுபடி கூடை, மறுபடி ஜன்னல் திட்டு. ஒரு வருஷம் இரண்டும் ஆவணியிலேயே வந்துவிட்டன. அன்றே குடித்திருக்கலாம். ஐப்பசியில்தான் குடிப்பது வழக்கம் என்று சொல்லிக் காத்திருந்தோம். இரண்டு முறை நடந்தால் எங்களுக்கு அது வழக்கம்.

என் காரணங்கள் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தன. இரண்டாம் வருஷம் "மூலிகைச் சாயல்". மூன்றாம் வருஷம் "முதிர்ந்த கசப்பு, பழகினால்தான் விளங்கும்". நான்காம் வருஷம் "ஐரோப்பிய ஆழம்" என்று எழுதினேன். வடக்கே ஊரை ஒட்டிய மாவ்பிக்கு அப்பால் நான் போனது மொத்தம் இரண்டு தடவை. சயா ஒவ்வொன்றையும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிப்பார். "நல்லா இருக்கு" என்பார். பீரைச் சொல்கிறாரா, காரணத்தைச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

இந்தப் போட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் அறிவும் வளர்ந்தது. மகளிடம் கேட்டுச் சயா சொன்னார்: அந்தக் காலத்தில் ஜெர்மனியிலேயே திருவிழாப் பீர் செம்பு நிறமாகத்தான் இருந்ததாம். மார்ச்சில் காய்ச்சி, கோடை முழுக்கக் குளிர்ந்த நிலவறையில் கிடத்தி, இலையுதிர் காலத்தில் திறப்பார்களாம். பிறகு ஜனங்கள் நிறையக் குடிப்பதற்கு லேசாக இருக்கட்டும் என்று ஜெர்மன்காரர்களே வெளிர் நிறத்துக்கு மாறிவிட்டார்கள். கடல் கடந்துபோன அமெரிக்கர்கள்தான் பழைய செம்பு நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நம்ம தமிழ் மாதிரி" என்றேன். சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த ஒருவர் என்னோடு பத்து நிமிஷம் பேசிவிட்டு, தன் கொள்ளுத்தாத்தாவிடம் பேசியது போல இருக்கிறது என்று சொல்லியிருந்தார். பாராட்டா என்று இன்றுவரை தெரியாது.

"அப்ப அமெரிக்காவுக்குத்தான ஓட்டுப் போடணும் நீங்க?" என்றார் சயா.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "காலத்தோட மாறுறதுதான் நல்லது, சயா" என்றேன். லுங்கியும் சட்டையும் போட்டுக்கொண்டு, இருபது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிறவன் சொன்னேன்.

அந்த நான்காம் வருஷம் முடிந்த சில நாளில் அண்ணன் போனில் வந்தார். பீர் எப்படி என்றார். நன்றாக இருந்தது என்றேன். எங்கே வைத்திருந்தீர்கள் என்றார். ஜன்னலில் என்றேன்.

"டேய், பச்சக் கண்ணாடி வெயில் தாங்காதுடா. வெளிச்சம் பட்டா உள்ள இருக்கிற கசப்பு கெட்டு நாறிடும். இருட்டுல வைக்கணும். அத எப்படிடா குடிச்சீங்க?"

"குடிச்சோம்" என்றேன்.

இதைச் சயாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் நான்கு வருஷமாக நான் புகழ்ந்தது நாற்றத்தை என்று ஆகிவிடும். என் புல்லும் மூலிகையும் ஐரோப்பாவும் எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் பாதியில் நிறுத்த முடியாது, அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாம் வருஷமும் பாட்டில்கள் அதே ஜன்னலில் நின்றன. "மண் மணம்" என்று எழுதினேன். சமம்.

ஆறாம் வருஷம் சயாவுக்கு முழங்கால் போய்விட்டது. ஐந்து மாடி இறங்கி ஏற முடியாமல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் போய்வந்தார், பிறகு அதுவும் நின்றது. காய், அரிசி, மருந்து எல்லாம் கூடையில் ஏறின. ஆபீஸ் முடிந்து வந்ததும் அவர் கூடையில் எதையாவது வைத்து மணி அடிப்பது எனக்கு வேலையாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்திலேயே ஒருவர் நம்மை நம்பி இருப்பது சுகம்தான். ஆனால் ஆவணியில் ஒருநாள் மணி அடித்தும் கூடை மேலே போகவில்லை. ஓடினேன். குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் காலையிலிருந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "மணி சத்தம் கேட்டிச்சு, தம்பி. கை எட்டல" என்றார்.

எலும்பு முறியவில்லை. ஆனால் புரட்டாசி நடுவில் அவர் மகள் என்னைக் கூப்பிட்டாள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் இட்லி தின்று வளர்ந்த பெண்.

"அங்கிள், பேப்பரெல்லாம் ரெடி. இங்க வீடு ஒரே தளம், படியே கெடயாது. நா கேட்டா உங்க மேல பழியப் போடுறாரு. தம்பி ஒத்துக்கல, தம்பி ஜெர்மனிங்கிறாருன்னு சொல்றாரு. என்ன அங்கிள் ஜெர்மனி?"

நான் ஒன்றும் இல்லை என்றேன். பொய்தான், அதற்குள் பழகியிருந்தது. மனிதர் தரையில் கிடந்த அந்தப் பகல் முழுக்க நான் அலோனில் பில் ஆஃப் லேடிங் என்கிற சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அன்று இரவு நினைவுக்கு வந்தது. எனக்குச் சண்டை போட ஆள் வேண்டும் என்பதற்காக ஒருவரை ஐந்தாம் மாடியில் வைத்துக் கூடையில் சோறு அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஐப்பசி முதல் தேதி. ஐஸ், பேஜோ, நோட்டு. அமெரிக்கா எப்போதும் போல நல்லபடியாக இருந்தது. ஜெர்மனி எப்போதும் போல இருந்தது. இந்த முறை நான்தான் முதலில் எழுதுவேன் என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். "அமெரிக்கா" என்று எழுதினேன். காரணக் கட்டத்தில் "நல்ல பீர்" என்று மட்டும் எழுதினேன். ஆறு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் உண்மை அது.

சயா படித்தார். பேனாவை வாங்காமல் பச்சைப் பாட்டிலை எடுத்துத் தம்ளர் நிறைய ஊற்றினார். முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஜெர்மனி" என்று எழுதினார். காரணம்: "புதுமழை பெய்த புல்லின் வாசனை".

"சயா, பொய் சொல்றீங்க" என்றேன்.

"அஞ்சு வருஷமா நீங்க எழுதினப்ப நா அப்படிச் சொன்னேனா?"

நான் நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினேன்.

"நனைஞ்ச நாய் மாதிரி நாறுது, தம்பி. மொத வருஷமே தெரியும். அதக் குடிச்சிட்டு, நீங்க மேல பாத்து யோசிச்சு, புல்லு, மூலிகன்னு எழுதுவீங்க பாருங்க. இங்க ஒருத்தன் என்னப் போகவிட மாட்டேங்கறானேன்னு இருக்கும். அதுக்காகத்தான் ஒரு மாசம் காத்திருப்பேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காதது போல பேஜோத் தட்டை என் பக்கம் தள்ளினார். "சமம். அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கூடை தானாக இறங்கி வந்து எங்கள் பால்கனிக்கு நேராக நின்றது. உள்ளே இரண்டு டின் அமெரிக்க பீரும் நோட்டும் இருந்தன. நேற்றைய பக்கத்தில் "ஜெர்மனி"யை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, டியூஷன் வாத்தியார் கையெழுத்தில் "அமெரிக்கா" என்று திருத்தியிருந்தார். காரணக் கட்டத்தில், "தம்பி சொல்லிவிட்டார்".

தை மாதம் மகளிடம் போனார். படியிறங்க நாற்காலியில் வைத்து நாங்கள் நான்கு பேர் தூக்கினோம். ஒவ்வொரு மாடியிலும் நின்று விடைபெற்றார். இரண்டாம் மாடியில் என் மனைவி அழுதாள். நான் நாற்காலிக் காலைப் பிடித்திருந்ததால் அழ முடியவில்லை.

அடுத்த புரட்டாசிக்கு அண்ணன் வழக்கம் போல நான்கு பாட்டில் அனுப்பிவிட்டார். மேலே அனுப்ப ஆள் இல்லை. பாட்டில்களை வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றேன். மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கட்டிலுக்கடியில வைங்க. சாமி மாடத்துக்கு நேரா மட்டும் வேணாம்" என்று உள்ளே போய், தன் பழைய கறுப்பு பர்மிய லுங்கி ஒன்றைக் கொண்டுவந்து பாட்டில்களைச் சுற்றி வைக்கக் கொடுத்தாள். பெருமாளுக்கு மறைப்பாகத்தான் கொடுத்தாள். வெயிலுக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஐப்பசி முதல் தேதி ஐந்து மணிக்கு ஒரு பாட்டிலைத் திறந்தேன். முகர்ந்தேன். நாய் இல்லை. தேன் தடவிய ரொட்டி போல மெல்லிய வாசனை, கடைசியில் சுத்தமாக ஒரு கசப்பு. இன்னொரு வாய் குடித்தேன். சந்தேகமே இல்லை, செம்பு நிற டின் பீரைவிட இது ஒரு படி மேல். ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருந்தால் ஆறு வருஷமும் நான் உண்மையையே எழுதியிருக்கலாம். சயாவும் மனசார ஜெர்மனி என்று எழுதியிருப்பார்.

சரியாக ஐந்தரைக்குப் போன் அடித்தது. அங்கே விடிகாலை. பேத்தி பின்னால் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் தமிழில் பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"தெறந்தாச்சா, தம்பி? எப்படி இருக்கு?"

தம்ளரைப் பார்த்தேன். நுரை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"அதே நாய்தான், சயா" என்றேன்.